பக்கமெண்ணிப் பரிசளித்தல் தகுமோ?

கூலி கருதாது ஒருவர் பிறர்க்கெனச் செய்யும் பணியை எண்ணாலே அளத்தல் கூடுமோ, அங்ஙனம் அளந்து பரிசு வழங்குதல் அப்பணிக்கு ஆக்கமாமோ கேடாமோ என்னும் வினா இவ்வாண்டு நம் கல்லூரியில் எழுந்துள்ளது. தமிழ் மன்றத்தார் இணையத்திலுள்ள விக்கிமூலம் என்னும் பொது நூலகத்துக்கு மெய்ப்புப் பார்க்கும் பணியை மேற்கொள்ளக் கருதியுள்ளனர். அதில் ஈடுபடும் மாணவர்க்கு, முடித்த பக்கங்களின் எண்ணிக்கைப்படி முதல், இரண்டு, மூன்று எனப் பரிசும், குறித்த தொகையை எட்டினார்க்குச் சான்றிதழும் அளிக்கலாம் என்று ஓர் ஏற்பாட்டையும் முன்வைத்துள்ளனர். பணியை யாம் முழுமனத்துடன் வரவேற்கின்றோம். ஏற்பாட்டின் பிற்பகுதியைப் பற்றியே எமக்கு ஐயம் உண்டு. மன்றக் கூட்டத்தில் அதனை விரித்துரைக்க நேரம் வாய்க்காமையின் ஈண்டு எழுதப் புகுந்தோம்.

விக்கிப்பீடியாவைப் பயன்படுத்தாத மாணவர் நம்முள் இலர். அது யாரால் எழுதப்படுகின்றது என்று வினவின் விடை கூறவல்லார் சிலரே. தமிழ் விக்கிப்பீடியா 2003ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தோன்றியது. அதன் பக்கங்களைச் சூழ்ந்துள்ள சொற்களையெல்லாம் தொடக்கத்தில் தமிழாக்கி, பின்னர் ஆயிரக்கணக்கான கட்டுரைகளையும் எழுதியவர் இலங்கையைச் சேர்ந்த கட்டடக்கலைஞர் இ. மயூரநாதன் ஆவர். 2017ஆம் ஆண்டு மே திங்களில் கட்டுரைகளின் தொகை ஓரிலக்கத்தை எட்டிற்று. இதில் எழுதுவார்க்குச் சம்பளம் என்பது இல்லை. விலக்கு ஒன்று உண்டு, அதனைப் பின்னர்க் கூறுவோம். இதற்கும் முன்னரே, 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய வேதியியலறிஞர் கல்யாணசுந்தரம் முதலானோர் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, நம் பழைய நூல்களைக் கணினியில் ஏற்றிப் பொதுவில் வைத்தனர். நம் வகுப்பில் பாட நூல் கிடையாதபோது யாம் அனைவரும் ஓடிச் சென்று எடுப்பது அங்கிருந்தே. ஆனால் அந்நூல்களின் முகப்பில் தட்டச்சிட்டவர் இன்னார், மெய்ப்புப் பார்த்தவர் இன்னார் என்று நன்றியுடன் பொறிக்கப்பட்டிருக்கும் வரிகளை நம்மில் எத்துணைப் பேர் படித்திருப்பர்? அவ்வரிகளைப் பற்றி மீண்டும் பேசவேண்டியிருக்கும்.

நிற்க. இணையத்துப் பொதுப்பணியில் எவை எவை எண்ணப்படுகின்றன என்று முதற்கண் நோக்குவோம்.

பயனர் ஒருவர் பக்கத்தைத் திருத்திச் சேமிக்குந்தோறும் அஃது ஒரு தொகுப்பு என்று கணக்கிடப்படும். ஒரு கட்டுரை முழுவதையும் வீட்டிலிருந்து பல நாள் எழுதி, நூல்களோடு ஒப்பிட்டு, ஒரே முறையில் ஏற்றினவர்க்குத் தொகுப்பு ஒன்று. காற்புள்ளிக்கொரு முறை சேமித்தவர்க்குத் தொகுப்பு நூறு. இவ்வெண்ணிக்கையில் மயங்கித் திரிவதற்கு ஆங்கில விக்கிப்பீடியர் தாமே நோய்ப்பெயர் ஒன்று படைத்து நகையாடி வருகின்றனர். நகையாடியும் எண்ணிக்கைப் பட்டியலைப் பார்ப்பதை விட்டாரில்லை.

தொகுப்பெண் போதாது என்றுணர்ந்தோர் எழுத்தின் பருமனை அளந்தனர். பக்கந்தோறும் உள்ள வரலாற்றுப் பகுதியில், ஒருவர் எத்தனை பைட்டுச் சேர்த்தார் என்பது பச்சையிலும், எத்தனை பைட்டு நீக்கினார் என்பது சிவப்பிலும் காட்டப்படும். பொய்யும் புகழுரையுமாக வீங்கிக் கிடந்த பத்தியொன்றை அகற்றி, உண்மையை இரண்டு வரியில் நிறுவியவர் அக்கணக்கில் சிவந்த எண்ணோடு நிற்பர். அதனினும் வியப்பு, தமிழெழுத்துக்கு அக்கணக்கு வழங்கும் நிறை. இணையத்தில் வழங்கும் குறிமுறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட்டு. ககரம் மூன்று பைட்டு எடுக்கும். அதன்மேல் புள்ளியிட்டுக் ககர மெய்யாக்கினால் புள்ளிக்குத் தனியே மூன்று கூடி ஆறாகும். ஆகாரமாகிய நெடில் மூன்றே பைட்டு. மெய்க்கு மாத்திரை அரை, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று கற்ற எம் போன்ற இலக்கண மாணவர்க்கு, அரை மாத்திரை ஆறாகவும் இரண்டு மாத்திரை மூன்றாகவும் நிறுக்கப்படும் இத்துலாக்கோல் சிறிது நகை விளைக்கின்றது. ‘நூல்’ என்னும் சொல்லுக்குப் பன்னிரண்டு பைட்டு. அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லுக்கு நான்கு. பைட்டெண்ணிப் பரிசளிக்கும் போட்டிகளில் மொழிக்கு மொழி வேறுபாடு எத்துணைப் பெரிதாகும் என்பதை இதனால் உய்த்துணர்க.

இனி நம் மன்றத்தார் கருதிய மெய்ப்புப் பணிக்கு வருவோம். பழைய அச்சுநூலின் பக்கத்தைப் படமாகப் பிடித்து, கணினியைக் கொண்டே எழுத்துக்களை உணரச்செய்து, வலப்பக்கம் படமும் இடப்பக்கம் எழுத்துமாக நிறுத்துவர். மெய்ப்பர் இரண்டையும் ஒப்பிட்டுப் பிழை நீக்கி மஞ்சள் நிறம் தருதல் வேண்டும். பிறிதொருவர் மீளப் பார்த்துப் பச்சை நிறம் தருதல் வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்தல் இயலாது. இம்முறை மிக நன்று. ஆனால் பக்கத்துக்குப் பக்கம் உழைப்பில் மலையும் மடுவும் போன்ற வேறுபாடு உண்டு. கணினி துணைக்காலையும் ரகரத்தையும் வேறுபடுத்தமாட்டாது தடுமாறும். பாட்டின் எண்ணாகிய தமிழிலக்கத்தைக் கண்டால், ஒன்றைக் ககரம் என்றும் இரண்டை உகரம் என்றும் ஏழை எகரம் என்றும் எழுதிவிடும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட நூல்களில் ணை, லை, னை முதலியன துதிக்கை போன்ற கொம்போடு நிற்கும். ணா, றா, னா என்பனவும் வேறு வடிவின. இவற்றுள் கணினி படும் பாடு சொல்லுந்தரமன்று. நுண்ணிய எழுத்தில் உரையும், அதனினும் நுண்ணிய எழுத்தில் அடிக்குறிப்பும், இடையிடையே மேற்கோட் பாட்டும் விரவிய ஒரு பக்கத்தைச் செவ்வனே முடிக்க எமக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அடுத்த பக்கம் ‘முதற் பாகம் முற்றிற்று’ என்னும் மூன்று சொற்களே உடையது. அதற்கு அரை நிமிடம். இரண்டும் ஒவ்வொரு பக்கமே.

போட்டிகள் சிலவற்றில் மெய்ப்புப் பார்த்த பக்கத்துக்கு மூன்று புள்ளியும் சரிபார்த்த பக்கத்துக்கு ஒரு புள்ளியும் வழங்கப்பட்டன. இதன் பயனை நினைத்துப் பார்மின். மூன்று புள்ளி வேண்டுவார் வெற்றுப்பக்கங்களையும் உரையாடல் மிகுந்த கதைப்பக்கங்களையும் தேடிச் செல்வர். ஒரு புள்ளிக்கு உழைப்பார் பக்கத்தைப் படியாமலே பச்சை தருவர். எமக்குத் தெரிந்த ஒரு போட்டியில், பழைய உரைநூல் ஒன்றை வரிவரியாகத் திருத்திய தோழி ஒருத்தி பட்டியலின் அடியில் நின்றாள். மேலே நின்றவர் சிலருடைய பக்கங்களில் ரகரம் துணைக்காலாகவே இன்றும் பச்சை நிறத்தோடு விளங்குகின்றது. பச்சை கண்டார் மீளத் திறந்து பாரார். ஆதலின் இது திருத்தப்படாத பக்கத்தினும் கேடுடையது. சிவந்த பக்கம் தன் குறையைத் தானே கூறும். பச்சைப் பக்கத்தை நம்பி ஆய்வுக்கட்டுரையில் மேற்கோள் காட்டுவார் நிலை என்னாம்?

இஃது இணையத்தோடு பிறந்த சிக்கல் அன்று. ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதிக்கு நூல்களைப் படித்துச் சொல்லாட்சிகளைச் சிறு தாள்களில் எழுதியனுப்பக் கூலியில்லா வாசகர் வேண்டுமென 1879ஆம் ஆண்டில் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரி வேண்டுகோள் விடுத்தனர். தாமஸ் ஆஸ்டின் என்பவர் அனுப்பிய தாள்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டன. மருத்துவர் வில்லியம் மைனர் அனுப்பியவை அவற்றிற் பாதிக்கும் குறைவு. மைனர் மனநோயினால் கொலை செய்து பிராட்மூர் மனநோயகத்தில் அடைபட்டிருந்தவர். அவர் தம் நூல்களிலுள்ள சொற்களுக்கெல்லாம் குறிப்பேடு அமைத்துக்கொண்டு, ஆசிரியர் இப்பொழுது எச்சொல்லில் தடைப்பட்டு நிற்கின்றார் என்று கேட்டறிந்து, அச்சொல்லுக்கு வேண்டியதையே அனுப்பினர். கடந்த நான்கு நூற்றாண்டுகளின் ஆங்கிலத்தை மைனர் தந்த மேற்கோள்களைக் கொண்டே விளக்கிவிடலாம் என்னும் கருத்துப்பட மர்ரி எழுதினர். தாளை எண்ணினால் ஆஸ்டின் முன்னிற்பர். வேலைத்தலத்தில் நின்ற மர்ரிக்கோ மைனரின் அருமை தெரிந்தது. எண்ணிக்கையும் அங்கு மறைக்கப்படவில்லை, வாசகர் பெயரோடு வெளியிடப்பட்டது. அதனைக் கொண்டு எவர்க்கும் பரிசு பங்கிடப்படவில்லை என்பதே யாம் கருதத் தக்கது.

முன்னர்க் கூறிய விலக்கைப் பற்றி இனிச் சொல்வோம். 2009ஆம் ஆண்டு தொடங்கிக் கூகுள் நிறுவனத்தார் கூலி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் குவித்தனர். நோக்கம் தீயதன்று. எனினும் வந்த கட்டுரைகளுள் பல நீளத்தில் குறைவிலவாயினும் தொடர்கள் தமிழாய் இல்லை; மேலைநாட்டுத் திரைப்படமும் பாடகரும் மிகுந்து, தமிழ் வாசகர் தேடும் பொருள் அருகியிருந்தது. பேச்சுப் பக்கத்தில் பிழை சுட்டினால் மறுமொழி தர எழுதினவர் வருவதில்லை. தமிழ் விக்கிப்பீடியர் இதனை எடுத்துக்காட்டித் தலைப்புகளைத் தாமே தேர்ந்தளிக்கவும் தரத்தை வரையறுக்கவும் முயன்றதோடு, 2010இல் போலந்து நாட்டின் குதான்ஸ்க் நகரில் நிகழ்ந்த விக்கிமேனியா மாநாட்டிலும் தம் மதிப்புரையைப் படைத்தனர். 2011இல் அத்திட்டம் நின்றது. கூலி வாங்குவோர் நன்கெழுதார் என்று யாம் சொல்லவில்லை. நம் ஆசிரியர்களும் சம்பளம் பெற்றே நமக்கு நன்கு கற்பிக்கின்றனர். சொற்குவியல் மட்டும் கேட்கப்பட்டபோது சொற்குவியல் மட்டுமே வந்தது என்பதே எம் கருத்து.

மறுதரப்பாரின் கூற்றையும் புறக்கணித்தல் முறையன்று. பாராட்டினால் பணி பெருகும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. விக்கிப்பீடியாவில் பயனர் ஒருவர் மற்றொருவர்க்கு விண்மீன் வடிவான பதக்கப்படம் ஒன்றை அவர் பக்கத்தில் இடுவது வழக்கம், அதற்கு விலையில்லை. அமெரிக்காவில் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தார் இருவர், மிகுதியாய் உழைக்கும் நூற்றுக்கு ஒருவர் என்னும் வகுப்பினின்று 200 பேரைத் தேர்ந்து, அவருள் பாதிப்பேர்க்குக் குருட்டுச் சீட்டு முறையில் இப்பதக்கத்தை அளித்துப் பார்த்தனர். பெற்றவர் உழைப்பு, பெறாதவரினும் நூற்றுக்கு அறுபது பங்கு உயர்ந்ததென 2012இல் வெளியிட்டனர். ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் புதியவர்க்குப் பெயர்சுட்டிப் பாராட்டு வழங்கியபோது அவர் தொடர்ந்து தங்குதல் நூற்றுக்கு இருபது பங்கு மிகுந்ததென யானா கல்லுஸ் என்னும் அறிஞர் 2017இல் காட்டினர். இவற்றை யாம் மறுக்கவில்லை. எம் கட்சிக்கு இவையே துணை என்போம். சீட்டில் விழுந்த விண்மீன் எதனையும் அளக்கவில்லை அன்றோ? உம் பணியை ஒருவர் கண்டார் என்னும் செய்தியை மட்டுமே அது சொல்லிற்று. அவ்வளவே போதுமாயிருந்தது. நேரிய எண்ணும் பெரிய பரிசும் வேண்டப்படவில்லை.

மதிப்பெண்ணும் பதக்கமும் குறித்த எல்லையோடு கட்டப்பட்டபோது விளைவு வேறாகின்றது. நிரலாளர் ஒருவர்க்கொருவர் ஐயம் தீர்க்கும் ஸ்டாக் ஓவர்ஃபுளோ என்னும் களத்தில், ஒரு பதக்கத்துக்குரிய எண்ணிக்கை நெருங்க நெருங்க அச்செயலை மிகுதியாய்ச் செய்வதும், பதக்கம் கைவந்தபின் அதனைத் தளரவிடுவதும் 2013ஆம் ஆண்டு ஆராய்ச்சியொன்றில் கண்டறியப்பட்டன. நம் சான்றிதழுக்கு ஐம்பது பக்கம் என்று வைத்தால் ஐம்பத்தோராம் பக்கத்தை யார் திறப்பர்?

பருமனை விட்டு நிலைபேற்றை அளக்கலாம் என்பாரும் உளர். ஒருவர் எழுதியது பின்வந்தோர் திருத்தத்தைக் கடந்து எத்துணைக் காலம் அழியாமல் நிற்கின்றதோ அத்துணை மதிப்பு அவர்க்கு என்று கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துச் சாந்தா குரூசு கிளையார் 2007இல் ஒரு கணக்கு வகுத்தனர். அறிவுடைய வழியே. ஆயின் ஆங்கிலம் போலப் பல்லாயிரவர் வந்து புரட்டிப் பார்க்கும் களத்துக்கே அது பொருந்தும். தமிழ்க் களத்தில் தொடர்ந்து உழைப்பார் மிகச் சிலர். ஈண்டு ஒரு வரி பத்தாண்டு மாறாது நிற்பது அது சரியானது என்பதனாலும் ஆகலாம். அங்கே எவரும் அடிவையாமையாலும் ஆகலாம். பாழூரில் பூட்டில்லா வீடும் களவு போகாதன்றோ?

வேறொரு தடை வலிமையுடையது. நம்மிற் பலர் எளிய குடும்பத்தினர். மடிக்கணினி இல்லார், இணையத்துக்குப் பணம் கட்ட இயலார், மாலையில் கடையில் வேலை செய்து கட்டணம் செலுத்துவார் உளர். இவர்க்குப் பரிசுமின்றிப் பணிசெய் என்று சொல்வது வயிறு நிறைந்தார் பேச்சு என்பர். இதற்கு எம் மறுமொழி, கருவி வேறு, கூலி வேறு என்பதே. 2018இல் கூகுளும் விக்கிமீடியா அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய வேங்கைத் திட்டத்தில், கட்டுரைப் போட்டி தொடங்குமுன்னரே, ஏற்கெனவே உழைத்து வந்தும் கருவியில்லாப் பயனர்க்கு மடிக்கணினியும் இணையச் செலவும் அளிக்கப்பட்டன. உழவனுக்கு ஏர் கொடுப்பது போன்றது அது. நம் மன்றம் பரிசுக்கென ஒதுக்க நினைத்த தொகையை இணையச் செலவுக்குப் பகிர்ந்தால், முதல் மூவர்க்கு மட்டுமன்றி வேண்டினார் அனைவர்க்கும் பயன்படும். நாட்டு நலப்பணித் திட்டத்தில் ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று கணக்கிடுவதில்லையோ எனின், மண்வெட்டியோடு வெயிலில் நிற்கும் மாணவனை அனைவரும் காண்கின்றனர். திரையின்முன் ஒருவன் திருத்துகின்றானோ திறந்து வைத்து உறங்குகின்றானோ என்பதை அறைக்கூட்டாளியும் அறியான்.

ஏழை விதவை காணிக்கைப் பெட்டியில் இட்ட இரண்டு காசை நம் கோயில்களில் ஆண்டுதோறும் கேட்கின்றோம். அங்கு கணக்கப்பிள்ளை எண்ணியிருந்தால் இரண்டு காசே கண்டிருப்பன். நம் வள்ளுவரும் ஒப்புரவறிதலை ஓரதிகாரமாகவும் செய்ந்நன்றியறிதலைப் பிறிதோரதிகாரமாகவும் வைத்தமை எமக்கு ஈண்டு விளக்கம் தருகின்றது. கைம்மாறு கருதாமை கொடுத்தவன் கடமை. மறவாமை பெற்றவன் கடமை. இரண்டும் இருவேறு தோள்மேல் ஏற்றப்பட்டன. தொண்டர் கேளார் என்பதற்காக நாம் வாளாவிருத்தல் கூடாது. நாம் கொடுப்போம் என்பதற்காக அவர் எண்ணிச் செய்தலும் கூடாது.

ஆதலின் மன்றத்தார்க்கு யாம் விண்ணப்பிப்பது இது. பரிசும் பக்கப் பட்டியலும் வேண்டா. இவ்வாண்டு ஒரே நூலை, அதுவும் நம் நூலகத்தில் ஏடு உதிரும் நிலையிலுள்ள பழைய பதிப்பொன்றை, எடுத்துக்கொள்வோம். பச்சை நிறம் தருமுன் சரிபார்ப்பவர் தாம் கண்ட பிழைகளை மெய்ப்பர்க்கு எழுதியறிவித்தல் வேண்டும். பிழை காணாவிடின் ‘கண்டிலேன்’ என்று தம் பெயரோடு எழுதுதல் வேண்டும். இருபருவத் தேர்வுகளுக்கும் முன்னர் ஒருமுறை கூடி, எப்பக்கம் எவரால் எத்தடையைக் கடந்து முடிந்தது என்பதை ஒருவர் மற்றொருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். தம்மைப் பற்றித் தாம் சொல்லுதல் விலக்கப்படும். சான்றிதழ் கட்டாயம் வேண்டுமெனின் எண்ணை விடுத்து, ‘இன்ன நூலின் அடிக்குறிப்புக்களைத் திருத்தினார்’, ‘தமிழிலக்கங்களை ஒழுங்கு செய்தார்’, ‘புதியவர் அறுவர்க்கு முறை கற்பித்தார்’ என்று செய்ததைச் சொல்லால் எழுதித் தருக. வேலை தேடிச் செல்லும் இடத்திலும் இதனைப் படிப்பவர்க்குப் பொருள் விளங்கும்.

நூல் முடிந்தபின், மதுரைத் திட்டத்தார் செய்தது போல, உழைத்தார் பெயர்களை அகரவரிசையில் நூலுக்குரிய பேச்சுப் பக்கத்திலும் அடுத்த ஆண்டின் இம்மலரிலும் பொறிக்கலாம். மூன்று பக்கம் செய்தவரும் முந்நூறு செய்தவரும் அவ்வரிசையில் அடுத்தடுத்து நிற்பர். எம் நூலகர் காட்டிய பதிப்புகளுள் இரண்டு மிகவும் நைந்துள்ளன. அவற்றுள் எதனை முதலில் படமெடுப்பது என்பதைப் பேராசிரியர்கள் கல்லூரி திறந்த முதல் வாரத்திலேயே தெரிவித்தால், மழைக்காலத்துக்கு முன் அவ்வேலை முடியும்.